மூன்றாவது பெயர்

பத்து மணிக்கு வரச் சொன்னார் எத்திராஜ்.
ஒன்பதரைக்கே போய் நின்றேன் சிவதாபுரத்தில்.
வணக்கத்துக்கு முன்னால்
இன்ஜினில் புறங்கையை வைத்தேன்.
காய்ச்சல்.
"காலைல பால் வாங்கப் போனேன் மேடம்."
அறுநூற்றைம்பது சிசி,
இருநூற்று நாற்பது கிலோ,
அரை லிட்டர் பால்.

நான் ரத்தம் எடுக்கிறவள்.
பச்சைத் தண்ணி குடிக்கலை என்று
குழந்தை தலையில் அடித்துச் சொல்கிறவர்களின்
சர்க்கரையை
இருபது வருடமாக எழுதிக் கொடுக்கிறேன்.
கோபம் வரவில்லை.
ஆறட்டும் என்று
கொலுசுப் பட்டறை வாசலில்
ஸ்டூல் கேட்டு வாங்கி உட்கார்ந்தேன்.

உள்ளே பையன்கள்
சலங்கைக்குப் பொடி வைத்து ஊதினார்கள்.
வெளியே இவர்
பொடி வைத்தே பேசினார்.
ஒரே கை வண்டி என்றார்.
ஆர்சி புத்தகத்தில் இரண்டு பெயர்.
"அது மச்சான். மச்சான் வேற கையா?"
மீட்டர் பதினோராயிரம் என்றது.
கால் வைக்கும் ரப்பர்
மொழுக்கென்று தேய்ந்து
வேறு கணக்குச் சொன்னது.
டயரின் விலாவில் பிறந்த வாரம் இருந்தது:
முப்பத்தொன்று, பத்தொன்பது.
ஆடி மாதத்து டயர்.

ஐந்தடி ஒரு அங்குலம் நான்.
ஏறி உட்கார்ந்தேன்,
இரண்டு குதிகாலும் தரையில் பதிந்தன.
இதை அவரிடம் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் விலை ஏறியிருக்கும்.

பையில் ஸ்லைடு இருந்தது.
ஆயிலில் ஒரு சொட்டு தொட்டு வைத்து
வெயிலுக்குக் காட்டினேன்.
மினுக்கியது.
"பட்டறைத் தூசி மேடம்,
இங்க சோத்துலயே வெள்ளி விழும்."
அதுவும் உண்மையாக இருக்கலாம்.
ராவுதூளில் இரும்பு பிரிக்கும் காந்தத்தை
ஒரு பையன் கொண்டுவந்தான்.
மினுக்கம் நகரவில்லை.
வெள்ளியும் வராது, அலுமினியமும் வராது,
காந்தத்துக்கு அவ்வளவுதான் தெரியும்.

மலையில் ஓட்டிப் பார்க்கிறேன் என்றேன்.
கோரிமேடு தாண்டி, அடிவாரம் தாண்டி
நான் முன்னால்,
தன் மனைவியின் ஸ்கூட்டரில் அவர் பின்னால்.
ஐந்து, ஆறு, ஏழு.
வளைவுகளில் வண்டி சாய்கிற சாய்வில்
நாற்பத்தோரு வயதுக்கு ஆகாத ஒரு சத்தம்
என் ஹெல்மெட்டுக்குள் கேட்டது.
நான்தான்.

பதினான்கு என்று பலகை இருக்குமிடத்தில்
நின்றது.
இருமவில்லை, திணறவில்லை.
பேசிக்கொண்டிருந்தவர் எழுந்து போனதுபோல்.
ஒரு குரங்கு வந்து டேங்கில் முகம் பார்த்தது.

ஸ்கூட்டர் வந்து சேர்ந்தது.
எத்திராஜ் ஹெல்மெட்டைக் கழற்றினார்.
அன்று முதல்முறையாக
பொடி இல்லாத பேச்சு:
"இங்கதான் நிக்கும்.
சூடேறினா எப்பவும் இங்கதான்.
சென்சார் மாத்தினேன், காயில் மாத்தினேன்,
பெங்களூர்ல காட்டினேன்.
பத்து நிமிஷம். அப்புறம் கிளம்பிடும்."
ஏன் முதலிலேயே சொல்லவில்லை?
"சொன்னா நீங்க மலை ஏறியிருப்பீங்களா?"

கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தோம்.
கீழே வெள்ளைக்கல் சுரங்கம்
உரித்த முட்டைபோல் கிடந்தது.
அதற்கப்பால் சேலம், புகைமூட்டமாய்.
"பத்து வட்டிக் கணக்கு தலைக்குள்ள ஓடும் மேடம்.
இங்க நின்னா மட்டும் ஓடாது"
என்றார். விற்பதற்காகச் சொன்னாரோ என்னவோ.

ஆஸ்பத்திரியில் ஒரு மெஷின் இருக்கிறது.
ஜெர்மன், சான்றிதழ் உண்டு, வருட ஒப்பந்தம் உண்டு.
எந்த நாளில் நிற்கும் என்று
ஒருவருக்கும் தெரியாது.
எனக்குத் தெரிந்த மனிதர்களும் அப்படித்தான்.
இது
எங்கே நிற்கும் என்று தெரிந்த வண்டி.

பதினோரு நிமிடம் ஆனது.
ஒரு நிமிடம் பொய்.
பட்டனைத் தொட்டதும் கிளம்பியது.

அந்த வளைவுக்குப் பதினேழாயிரம் குறைத்தார்.
டயருக்கு நாலு.
பாலுக்கு ஒன்றும் குறைக்கவில்லை.

ஸ்லைடு என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது.
நோயாளி பெயர் என்ற இடத்தில்
வண்டி எண் எழுதியிருக்கிறேன்.
முடிவு என்ற இடத்தில்
பென்சிலால் ஒரு கோடு.
ஞாயிற்றுக்கிழமை
ஃபிளாஸ்க்கில் டீ எடுத்துப் போகவேண்டும்,
பதினான்கில்
குடிக்க.